முப்பது நாள் அவகாசம்

ஜூன் 5, செவ்வாய்

மாசானத்துக்கு ஓராண்டுச் சிறை. தீர்ப்பை வாசித்து முடித்த நடுவர், மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை ஜூலை 5 வரை நிறுத்தி வைத்தார். அதற்குள் நெல்லை அமர்வு நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தடை வாங்கியாக வேண்டும். வாங்காவிட்டால் அவன் உள்ளே போக வேண்டியதுதான்.

மாசானம் மினிபஸ் டிரைவர். இரண்டரை வருடம் முன்பு, மேட்டுத்தெரு இறக்கத்தில் அவன் ஓட்டிவந்த வண்டி சைக்கிளில் பால் கொண்டுபோனவர் மேல் மோதியது. அவர் அங்கேயே இறந்துபோனார். பிரேக் பிடிக்கவில்லை என்று மாசானம் அன்றிலிருந்து இன்றுவரை ஒரே சொல்லாகச் சொல்கிறான்.

வெளியே வந்ததும் கேட்டான்: "சார், நான் குடுத்த பேப்பர ஜட்ஜையா பாத்தாவளா?"

"எல்லாம் மேல பாத்துக்கிடலாம்டே. ஒரு வாரத்துல அப்பீல் போட்டுருவோம்."

இந்த டைரி வாய்தாத் தேதிகளைக் குறிக்க வாங்கியது. இதில் வேறு எதையும் நான் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

ஜூன் 6, புதன்

அப்பீல் வேலையை நாளை தொடங்க வேண்டும். ஆபீஸ் மின்விசிறியைக் கழற்றித் துடைத்தேன். ரொம்ப நாளாகத் தூசி.

ஜூன் 8, வெள்ளி

தீர்ப்பின் நகலைப் படிக்க உட்கார்ந்தேன். ஒன்பதாம் பக்கம் வரை போனேன். "எதிரி தரப்பில் சாட்சியோ ஆவணமோ எதுவும் முன்னிலைப்படுத்தப்படவில்லை." நீதிமன்ற பாஷையில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். அங்கே மூடி வைத்தேன். சகலை மகளுக்கு நிச்சயதார்த்தம், கிளம்ப வேண்டியிருந்தது. நிச்சயம் மாலை ஆறு மணிக்கு. நான் கிளம்பியது பதினொன்றுக்கு.

ஜூன் 11, திங்கள்

மாசானம் போன் செய்தான். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஜூன் 13, புதன்

சாரல். ஒன்றும் நடக்கவில்லை.

ஜூன் 14, வியாழன்

மாசானத்தின் மனைவி பேச்சித்தாய் வந்தாள். தலையெல்லாம் நனைந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். ஜெயிலுக்குள்ள கைலி, சாரம்லாம் கட்டிக்கிட விடுவாவளா? இவிய கேக்காவ. ரெண்டு புதுச் சாரம் எடுத்து மடிச்சு வச்சிருக்காவ. சோறு இறங்கல. ராவும் பகலும் அந்தத் துணியவே பாத்துக்கிட்டு இருக்காவ."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்பம்? அவன் உள்ள போக மாட்டான்."

"அப்பீல் போட்டாச்சா சார்?"

"நாளைக்கு நெல்லைக்குப் போறேன்."

அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கேஸ் கட்டு மேஜையின் வலது ஓரத்தில், சுற்றிய நூல்கூட அவிழ்க்கப்படாமல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். அது அவர்களுடைய கட்டு என்று அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. மேலே பெயர் பெரிதாகத்தான் எழுதியிருக்கிறது.

ஜூன் 15, வெள்ளி

நெல்லைக்குப் போகவில்லை. போய் என்ன செய்ய, கையில் மனு இல்லை.

வாடகை ஒப்பந்தம் ஒன்று அடிக்க ரெஜினாவின் கடைக்குப் போனேன். கோர்ட்டுக்கு எதிரே பதினெட்டு வருடமாகத் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வக்கீல்களின் பிழைகளெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் போகும். ஒப்பந்தத்தை அடித்து முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தபடியே கேட்டார்:

"மாசானம் அப்பீல் எப்பம் சார்?"

"எழுதணும்."

"பேச்சித்தாய் நேத்து இங்கதான் வந்து நின்னா. சார் நெல்லைக்குப் போறாவன்னு சொன்னா. உங்க வண்டி அந்தா நிக்குது."

என்னைக் கோர்ட் வளாகத்தில் முதுகுக்குப் பின்னால் வாய்தா லிங்கம் என்கிறார்கள். குற்றாலிங்கம் என்ற என் முழுப்பெயரைச் சொல்கிறவர்களில் ரெஜினா ஒருவர்.

"சார், இப்பம் ஒரு வரி சொல்லுங்க. அடிக்கேன்."

"கட்டு ஆபீஸ்ல இருக்கு."

"கட்டு வேண்டாம். எந்தக் கோர்ட்டுன்னு சொல்லுங்க, அது போதும். நான் டைப் படிக்கப் போனப்போ முத வாரம் முழுக்க யளனக, யளனக. வேற எழுத்தத் தொட விடல. எனக்கு அழுகையா வந்துது. ஆனா ரெண்டாவது வாரம் வெரல் தானாப் போச்சு."

சொன்னேன். "திருநெல்வேலி மாவட்ட அமர்வு நீதிமன்றம் முன்பாக." அடித்தார். சேமித்தார். "திங்கக்கிழமை பேரும் விலாசமும். அதுக்கு மேல ஒரு எழுத்து கேக்க மாட்டேன்" என்றார்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருட அனுபவம். ஒரு வரி சொல்லிவிட்டு, ஏதோ மலையைப் புரட்டியவன் மாதிரி டீ குடித்தேன்.

ஜூன் 18, திங்கள்

பெயர், அப்பா பெயர், வயது, விலாசம். பத்து நிமிடம்.

ஜூன் 19, செவ்வாய்

கட்டின் நூலை அவிழ்த்தேன். அதற்கு மேல் எதுவும் செய்வதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அவிழ்த்து, அப்படியே விட்டுவிட்டு வந்தேன். இன்று ரெஜினாவிடம் வழக்கு எண், தீர்ப்புத் தேதி, தண்டனை விவரம். ஆறு வரி.

ஜூன் 20, புதன்

பின்வாசல் வழியாகக் கோர்ட்டுக்குப் போனேன். அந்த வழியில் ரெஜினாவின் கடை இல்லை.

ஜூன் 21, வியாழன்

இன்றும் பின்வாசல். இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. பதினான்கு நாள் தாராளம்.

ஜூன் 22, வெள்ளி

ரெஜினா ஆபீசுக்கே வந்துவிட்டார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, அதுவரை அடித்திருந்த ஒரு பக்கத்தை என் முன்னால் வைத்தார்.

"ரெண்டு நாள் வாய்தா முடிஞ்சிது சார். கடையப் பூட்டிட்டு வந்திருக்கேன். கால் மணி நேரம் குடுங்க."

சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். விபத்து நடந்த நாள், காலை ஆறரை மணி, இறக்கம், ஈரத் தார்ரோடு, நிற்காத வண்டி. மாசானம் இடதுபுறச் சுவரில் உரசி நிறுத்தப் பார்த்தான். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் சைக்கிள் வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது என் குரல் நன்றாக இருந்தது. எனக்கு இந்த வழக்கு நன்றாகத் தெரியும். அதுதான் விஷயம். தெரியாத வழக்காக இருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை.

ஜூன் 25, திங்கள்

மேல்முறையீட்டுக்கான காரணங்களில் மூன்றைச் சொல்லி முடித்தேன். ஒன்று, நேரில் பார்த்த சாட்சிகள் இருவரும் முன்னுக்குப் பின் முரண். இரண்டு, வண்டியின் வேகத்துக்கு ஆதாரம் இல்லை. மூன்று, சம்பவ இட வரைபடம் தவறு. காலையில் இருபது நிமிடம் என்பது இப்போது பழகியிருக்கிறது. பல் துலக்குவது மாதிரி, செய்துவிட்டால் நாள் லேசாகிறது.

மூன்றாவதை அடித்ததும் ரெஜினா விரலை எடுத்துவிட்டார்.

"டிரிப் ஷீட்டுன்னு பேச்சித்தாய் சொன்னாளே, அது எங்க சார் வருது?"

"அடிக்கதுதான் உங்க வேல. வக்கீல் வேல நான் பாத்துக்கிடுதேன்."

கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினா அச்செடுத்து, பக்கங்களை ஒழுங்குபடுத்தி, கையில் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை.

ஜூன் 26, செவ்வாய்

எழுதித்தான் ஆக வேண்டும். என் ஆபீஸ் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழுப்பு உறை இருக்கிறது. அதில் பதினோரு டிரிப் ஷீட்டுகள். மினிபஸ் டிரைவர் தினமும் எத்தனை நடை, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுக்கும் தாள். ஒவ்வொன்றின் அடியிலும் மாசானம் வண்டியின் குறையை எழுதியிருக்கிறான். ஒவ்வொன்றிலும் பஸ் மேனேஜரின் கையெழுத்து இருக்கிறது. விபத்து நடந்த வாரமே, மாசானம் அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான்.

நான் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்யவில்லை.

வேண்டுமென்று இல்லை. மேனேஜரைச் சாட்சியாக அழைக்க மனுப் போட வேண்டும். இரண்டு பக்க மனு. அடுத்த வாய்தாவில் போடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாய்தாவில் காய்ச்சல் என்றேன், காய்ச்சல் இல்லை. அதற்கடுத்து மதுரையில் வழக்கு என்றேன், அன்று வீட்டில்தான் இருந்தேன். பிறகு, இவ்வளவு தாமதமாகப் போட்டால் நடுவர் ஏன் என்று கேட்பாரே என்ற பயத்திலேயே போடவில்லை. கடைசியில் அவர் தற்காப்புச் சாட்சியம் முடிந்தது என்று எழுதிவிட்டார். நான் தலையாட்டினேன். மாசானம் என் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

ஒன்பது நாள் இருக்கிறது.

ஜூன் 27, புதன்

அலமாரியைத் திறந்து உறையை எடுத்து மேஜையில் வைத்தேன். பிரிக்கவில்லை. ரெஜினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார், வெயில் இல்லாமப் போனா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். இரண்டு வாரமாகச் சாரல்.

ஜூன் 28, வியாழன்

பிரித்தேன். ஒரு தாளை மட்டும் படிப்பது என்று வைத்துக்கொண்டேன். கைக்கு வந்தது கடைசித் தாள், விபத்துக்கு முந்தின நாளுடையது. பென்சில் எழுத்து.

"பிரேக் மிதிச்சா கீழ வரைக்கும் போகுது. மூணு தடவ சொல்லியாச்சி. நாளைக்கு வண்டி எடுக்க பயமா இருக்கு."

கீழே மேனேஜர் கையெழுத்தும் தேதியும்.

மற்ற பத்தையும் படித்துவிட்டேன்.

ஜூன் 29, வெள்ளி

வழி இருக்கிறது. மேல்முறையீட்டு நீதிமன்றம் நினைத்தால் புதிய ஆவணத்தை ஏற்கலாம். ஏன் முன்பே தாக்கல் செய்யவில்லை என்று ஒரு காரணம் மட்டும் சொல்ல வேண்டும். இன்று சொன்னேன்: "மேற்படி ஆவணங்கள் தற்போதுதான் மேல்முறையீட்டாளரின் வீட்டிலிருந்து கண்டெடுக்கப்பட்டன."

ரெஜினா அடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. அடித்த வரியை ஒருமுறை வாசித்துக் காட்டினார், எல்லா வரியையும் வாசித்துக் காட்டுவது மாதிரியே.

மனு முழுதாகத் தயார். நிம்மதியாக இருக்க வேண்டும்.

ஜூன் 30, சனி

நிம்மதியாக இல்லை. காலையிலிருந்து அந்த வரி. நாளைப்பின்னே அரசு வக்கீல் மாசானத்திடம் கேட்பார், இந்தத் தாளெல்லாம் எங்கே இருந்தது என்று. அவன் உண்மையைச் சொல்வான். சொன்னால் வழக்கு போய்விடும். அவன் உண்மையைச் சொல்லாமலிருக்க நான் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொய் சொல்லப் பழக்க வேண்டும். வீட்டில் என்று சொல்லுடே, பெட்டிக்கடியில் என்று சொல்லுடே.

ஆபீசுக்குப் போனேன். அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, தனித் தாளில் கையால் எழுதினேன். நாலு தடவை கிழித்தேன். நாலிலும் "எதிர்பாராத காரணங்களால்" என்று இருந்தது. ஐந்தாவதில் இல்லை. என் பெயரில் தனிப் பிரமாணப் பத்திரம்: ஆவணங்கள் வழக்கின் தொடக்கத்திலேயே என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. தாக்கல் செய்யாதது என் தவறு. மேல்முறையீட்டாளருக்கு அதில் பங்கில்லை.

இதை எழுதுகிறவனே அப்பீலை நடத்த முடியாது. வேறு வக்கீல் வேண்டும். அதற்கு முதலில் மாசானத்திடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 1, ஞாயிறு

சொல்லவில்லை. அவன் வீட்டுத் தெருமுனை வரை போனேன்.

ஜூலை 2, திங்கள்

மாசானம் இப்போது வண்டி ஓட்டுவதில்லை. தென்காசி ரோட்டில் ஒரு பட்டறையில் வண்டி கழுவுகிறான். காலை எட்டரைக்குப் போனேன். லாரி ஒன்றின் அடியில் குனிந்து தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அப்பீலுக்கு நம்பர் ஆயிட்டா சார்?"

"இல்ல. அப்பீல் இன்னும் போடல மாசானம். உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னேன். சுற்றி வளைக்காமல்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. என் செருப்பு நனைந்தது.

"ரெண்டரை வருசமா உங்க அலமாரிலயா சார் இருந்துது?"

"ஆமா."

"கோர்ட்டுல குடுத்தாச்சுன்னு சொன்னியளே."

"சொன்னேன்."

"குடுத்திருந்தா நான் விடுதலையா?"

"தெரியாது. ஆயிருக்கலாம்."

அவன் குழாயை மூடினான். லாரிச் சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைக் கையால் வழித்தான். பிறகு சொன்னான்: "செத்துப்போனாவளே அந்த அண்ணாச்சி, அவிய வீட்டம்மா தீர்ப்பு அன்னைக்கு என்னப் பாத்துக் காறித் துப்புனா. நான் தொடச்சிட்டு நின்னேன். பிரேக்குதான் பிடிக்கலன்னு பேப்பர்ல இருக்கே, என்னைக்காவது அவளுக்கும் தெரியும்னு நின்னேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"போங்க சார். இப்பம் போயிருங்க. கையில என்ன இருக்குன்னு பாருங்க எனக்கு."

கையில் இரும்புக் குழாய்முனை இருந்தது. வந்துவிட்டேன்.

மதியம் பேச்சித்தாய் போன் செய்தாள். அழவில்லை. நெல்லையில் ஹசீனா என்று ஒரு வக்கீலம்மாவைப் பார்த்திருக்கிறார்கள். கட்டு வேண்டும் என்றாள். மூன்று மணிக்குள் ரெஜினாவின் கடையில் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, பக்க எண் போட்டு, வக்காலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்புதலில் கையெழுத்திட்டு, அவளிடம் கொடுத்தேன். வாங்கும்போது என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

ஜூலை 3, செவ்வாய்

ஹசீனா பேசினார். இளம் குரல், வேகமான குரல்.

"சார், உங்க மனுவ அப்படியே போட்டுரலாம். நல்லா இருக்கு. ஆனா நீங்க கையால எழுதுன பத்திரம் போதாது. வாய்தாத் தேதியெல்லாம் வரணும், நீங்க நேர்ல வந்து சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். நாளைக்குக் காலைல பதினொண்ணுக்கு வந்துருவீங்களா?"

"வந்துருதேன்."

"சார், மன்னிச்சுக்கோங்க, கேக்கேன். கண்டிப்பா வந்துருவீங்கதானே?"

ஊர் தாண்டியும் பெயர் போயிருக்கிறது.

ரெஜினா பத்திரத்தை அடித்தார். வாய்தாத் தேதிகளைப் பழைய டைரிகளில் தேடி எடுத்தேன். நான் குறித்து வைத்தவற்றை மட்டும். மூன்று பக்கம்.

ஜூலை 4, புதன்

ஏழு மணி பஸ். ஆலங்குளம் தாண்டி ரோட்டில் மரம் விழுந்து ஒரு மணி நேரம் நின்றது. இறங்கி நடந்து, அந்தப் பக்கம் வந்த லாரியில் ஏறி, பத்து ஐம்பதுக்குக் கோர்ட் வாசலில் இருந்தேன். சட்டை முழுக்க சேறு. மாசானமும் பேச்சித்தாயும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

மதியம் தாக்கல் செய்தோம். மாலை நாலரைக்குத் திருப்பிவிட்டார்கள். என் பிரமாணப் பத்திரத்தில் மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இல்லையாம். முதல் இரண்டு பக்கங்களிலும் போட்டிருக்கிறேன். "தாக்கல் செய்யாதது என் தவறு" என்ற வரி உள்ள பக்கத்தில் மட்டும் போடவில்லை. மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் ஹசீனாவிடம் சொன்னேன்.

அவர் பேனாவை நீட்டினார். நின்றபடியே போட்டேன். அதற்குள் கவுண்டர் மூடிவிட்டது.

ஊருக்குத் திரும்பவில்லை. ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் தங்கியிருக்கிறேன். நாளை எந்த மரம் விழுந்தாலும் நான் நடந்தே போய்விடலாம்.

ஜூலை 5, வியாழன்

காலை பத்தேகாலுக்கு மறுபடி தாக்கல். பதினொன்றரைக்கு மனு ஏற்கப்பட்டு நம்பர் ஆனது. தண்டனை நிறுத்த மனுவை இன்றே விசாரிக்க வேண்டும் என்று ஹசீனா கேட்டார். பிற்பகல் என்றார்கள். இரண்டரைக்குக் கூப்பிடவில்லை. மூன்றுக்கும் இல்லை. மாசானம் மடியில் ஒரு மஞ்சள் பை. உள்ளே மடித்த சாரம் தெரிந்தது.

மூன்று ஐம்பதுக்கு அழைத்தார்கள். நீதிபதி என் பத்திரத்தை முழுதும் படித்தார்.

"இதில் கையெழுத்துப் போட்ட வழக்கறிஞர் வந்திருக்கிறாரா?"

எழுந்து நின்றேன்.

"இது உங்கள் தொழிலைப் பாதிக்கும் என்று தெரிந்துதான் போட்டீர்களா?"

"தெரியும், கனம் நீதிபதி அவர்களே."

"இதை இரண்டு வருடம் முன்னால் நடுவரிடம் சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் குனிந்து எழுதத் தொடங்கினார். அப்பீல் முடியும் வரை தண்டனை நிறுத்திவைக்கப்படுகிறது.

பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மாசானம் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். எங்கே வைப்பது என்று தெரியாதவன் மாதிரி.

ஜூலை 16, திங்கள்

தினமும் காலை இருபது நிமிடம். இன்று ஒரு பாகப்பிரிவினைக் கட்டு. நாலு வருடமாகத் தொடாதது. நூலை அவிழ்த்து, முதல் பக்கம் படித்தேன். ரெஜினாவிடம் நாளை ஒரு பத்தி.

சில நாள் முடியவில்லை. சனிக்கிழமை போகவில்லை.

ஆகஸ்ட் 21, செவ்வாய்

அப்பீலில் உத்தரவு. டிரிப் ஷீட்டுகளை ஆவணமாக ஏற்று, மேனேஜரை விசாரித்து, புதிதாகத் தீர்ப்புச் சொல்லும்படி வழக்கை நடுவருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழைய தீர்ப்பு ரத்து. இனி என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் அந்தத் தாள்களை இந்த முறை யாராவது படிப்பார்கள்.

கோர்ட் வெளியே டீக்கடையில் நின்றேன். மாசானம் வந்தான். அவனாக வந்து பேசுவது பட்டறையில் பார்த்த அன்றைக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

"சார், பார் கவுன்சிலுக்கு உங்க மேல மனு போடணும்னு பேச்சித்தாய் சொல்லுதா."

"சரிதான். போடு."

"ஹசீனா மேடத்துட்ட கேட்டேன். அவிய யோசிக்காவ. இன்னொரு வக்கீல் மேல எழுதணும்லா. எனக்கு அந்த மாதிரி எழுத வராது."

"நான் எழுதித் தாரேன்."

விளையாடுகிறேனோ என்று பார்த்தான்.

"எப்பம் தருவிய?"

டீ கிளாசை வைத்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். அவன் பக்கத்தில் நின்றான், பிறகு பெஞ்சின் அந்த ஓரத்தில் உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு பக்கம். எதையும் பூசி மெழுகவில்லை என்றுதான் நினைத்தேன்.

அவன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தான். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஆறு வாய்தா வீணாப் போச்சுன்னு போட்டிருக்கிய. ஏழு சார்."

"ஆறுதான். டைரில இருக்கு."

"உங்க டைரில இருக்காது. ஒரு வாய்தாவுக்கு நீங்க வரவே இல்ல. நான் மட்டும்தான் போனேன். உங்க வக்கீல் எங்கன்னு ஜட்ஜையா கேட்டாவ. அம்மைக்கு முடியல, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காவன்னு நான்தான் சொன்னேன். உங்க மேல கோவப்பட்டுரக் கூடாதுல்லா."

என் அம்மா இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது.

ஆறை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். அவன் பேனாவை வாங்கி, கீழே தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதி, கையெழுத்துப் போட்டான்.